பச்சைத் திரையில் ஒரு புள்ளி

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ரேமோன் முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"மானிட்டர் வாங்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி ஜெர்மேன்.

"வாங்குற பொருளுக்கு நாம மரியாதை குடுத்தாதான், விக்கிறவன் நமக்கு மரியாதை குடுப்பான்."

பிரெஞ்சு ராணுவத்தில் தந்தித் தொடர்புப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர் அவர். புதுச்சேரியில், குருசுக்குப்பத்தை ஒட்டிய அந்தத் தெருவில் அவர் வீட்டுக்கு 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்றுதான் பெயர். பென்ஷன் வாங்கிப் பல வருடம் ஆகியும் அவருடைய முதுகு மட்டும் ஓய்வு பெறவில்லை.

மகன் அலெக்சிக்குப் பதினெட்டு வயது. ஜூலையில் பிரெஞ்சுப் பள்ளியின் கடைசித் தேர்வான பாக்கலோரேயா தேறியதற்குப் பரிசாகப் போன வாரம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டு, விளையாடுவதற்கென்றே அமைத்த பெட்டி. "ஆறு மாசம் ஆசை தீர ஆடட்டும். அப்புறம் பட்டாளத்துல யாரு ஆட விடப் போறாங்க?" என்றார் ரேமோன். அடுத்த மாதம் பாரிஸில் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால் ஜனவரியில் அலெக்சியும் அப்பாவின் அதே பிரிவில் சேருவான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

ஆனால் புதுப் பெட்டியில் போட்ட முதல் ஆட்டத்திலேயே ஒரு வினோதம் நடந்தது. சிவப்பு உடைக்காரர்கள் நம் படை. பச்சை உடைக்காரர்கள் எதிரி. அலெக்சி நம் ஆட்களையே சுட்டுக்கொண்டிருந்தான். ஒருமுறை, இரண்டுமுறை அல்ல, வரிசையாக.

பின்னால் நின்று பார்த்த ரேமோன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஸ்கிரீனு கோளாறுடா. பிரான்ஸ் சாமான் இங்க கலர் குடுக்காது."

புதுப் பெட்டியோடு இணைத்திருந்த அந்தப் பழைய ஸ்கிரீனை மூன்று வருடத்துக்கு முன்னால் மூத்த மருமகன் அர்னோ கொண்டுவந்தார். சூட்கேஸுக்குள் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார். அதன்மேல் ரேமோனுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதைப் பிறகு அவரே சொல்வார்.

அலெக்சிக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. சின்ன வயதிலிருந்தே இருந்த சந்தேகம். கலர் பென்சிலின்மேல் ஒட்டிய பெயரைப் படித்துத்தான் அவன் நிறம் தீட்டுவான். பெயர் அழிந்துபோன பென்சிலை யாருக்காவது கொடுத்துவிடுவான்.

கோளாறு ஸ்கிரீனில்தானா? இல்லை, என்னிடமா?

இன்றைக்குத் தெரிந்துவிடும். புதுத் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தால் பாரிஸுக்குப் போகலாம். தெரியாவிட்டால்? அதற்குமேல் யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

*

நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது நாராயணசாமியின் கம்ப்யூட்டர் கடை. கல்லாவில் யாரும் இல்லை. உள்ளே ஒரு பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திறந்து கிடந்த ஒரு பெட்டிக்குள் திருப்புளியோடு குனிந்திருந்தாள்.

"ஏம்மா, கடையில ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

அவள் நிமிர்ந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். "இருக்காரு சார். மொதலாளி டீ குடிக்கப் போயிருக்காரு. வந்தாலும் என்னைத்தான் கூப்புடுவாரு."

ரேமோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அப்ப நீயே காட்டு. உம் பேரு?"

"சரிதா சார். இன்னாத்துக்கு வேணும்? ஆபீஸுக்கா, படம் பாக்கவா?"

"கேம்ஸுக்கு" என்றான் அலெக்சி.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு மேசைமேல் இரண்டு திரைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று பின்னால் பெருத்த பழைய மாதிரி. இன்னொன்று தட்டை. இரண்டிலும் ஒரே கார் பந்தயத்தை ஓடவிட்டாள்.

ரேமோன் குண்டுத் திரையைச் சுற்றி வந்தார். தட்டித் தட்டிப் பார்த்தார். "இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ பெரிய வயிறு?"

"பின்னாடியிலிருந்து ஒரு கதிரு பாஞ்சு வந்து முன்கண்ணாடியில படம் எழுதுது சார். அது பாஞ்சு வர தூரம் வேணும்ல."

"ஓகோ. அப்ப இந்த ஒல்லி?"

"இதுல பின்னாடி லைட்டு எரிஞ்சுக்கினே இருக்கும். முன்னாடி லட்சக்கணக்குல குட்டிக் குட்டி ஜன்னல். தொறந்து மூடி, தொறந்து மூடிப் படம் காட்டுது."

"லட்சக்கணக்குலயா!" அவர் மூக்கு திரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். "எவ்ளோ வேகமா தொறக்கும்?"

"இது எட்டு மில்லி செகண்டு."

"அப்படின்னா?"

"ஒரு செகண்டை ஆயிரம் துண்டாக்கி, அதுல எட்டு துண்டு."

ரேமோன் விரல் நுனியால் மேசையில் தட்டினார். டக், டக்டக். "நான் மோர்ஸ் அடிச்ச காலத்துல நிமிஷத்துக்கு இருபது வார்த்தை. எங்க ரெஜிமென்ட்டுல எனக்குப் பக்கத்துல ஒருத்தன் வர முடியாது."

"ஸ்கிரீனு கொஞ்சம் முந்திடும் சார்."

"முந்தட்டும், முந்தட்டும். அதுக்கு பென்ஷன் கெடையாதே."

அலெக்சி சிரிக்கவில்லை. அவன் கண் தட்டைத் திரையிலேயே இருந்தது. ஆடுகிறவர்கள் குண்டுத் திரையைத்தான் நல்லது என்பார்கள், அதில் வேகமாக ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் நிழல்போல் வால் விழாது. அதை அவன் சொன்னதும் சரிதா தலையாட்டினாள். "பழைய தட்டையில வால் விழும் தம்பி. இது பரவாயில்லை, நீங்களே பாருங்க." காரை வளைவில் திருப்பிக் காட்டினாள். வால் விழவில்லை.

"இன்னொரு விஷயம்மா" என்றார் ரேமோன், குரலைத் தாழ்த்தி. "இது பிரான்ஸ் மாடல் இல்லையே?"

"ஏன் சார்?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எம் பெரிய பொண்ணு ஈனெஸுக்கு அங்கதான் கல்யாணம் ஆச்சு. அப்ப எம் பொஞ்சாதிக்கு ஆபரேஷன். நாங்க ரெண்டு பேரும் போக முடியல. வீடியோ கேசட்டு அனுப்பிச்சாங்க. தெருவே வந்து உக்காந்துச்சு எங்க வீட்டுல. போட்டா கருப்பு வெள்ளை! நாலு வீட்டு டெக்குல மாத்திப் போட்டோம். எல்லாத்துலயும் கருப்பு வெள்ளைதான். பொண்ணு என்னா கலர் பொடவை கட்டியிருந்தான்னு அவங்கம்மா போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கினா. அன்னியிலிருந்து அந்த ஊரு ஸ்கிரீனு, கேசட்டு எதையும் நான் நம்புறதில்ல. இவன் ஆட்டத்துல தன் ஆளையே சுடுறான். எல்லாம் மருமவன் குடுத்த ஸ்கிரீனால."

சரிதா பொறுமையாகக் கேட்டாள். "கேசட்டு அப்படித்தான் சார். அவங்க கலர் எழுதுற முறை வேற, நம்மளுது வேற. ஆனா கம்ப்யூட்டர் ஸ்கிரீனுக்கு ஊரு, நாடு கெடையாது. பாரிஸ்ல வாங்கினாலும் பாகூர்ல வாங்கினாலும் சிவப்பு சிவப்புதான்."

"அது எப்படிம்மா?" என்றார் ரேமோன் நம்பாமல்.

அலெக்சி நம்பினான். அப்படியானால் வீட்டில் இருக்கிற ஸ்கிரீன் மேல் குற்றமே இல்லையா?

இன்னும் ஒரு வாசல் மிச்சம் இருந்தது. இந்தத் திரையில் பார்த்துவிடலாம்.

"வாங்குறதுக்கு முன்னாடி புள்ளி பாத்துடணும் சார்" என்றாள் சரிதா. "சில ஸ்கிரீன்ல நாலஞ்சு ஜன்னல் மூடாம மாட்டிக்கும். ஒவ்வொரு கலரா முழுசா போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும்."

முதலில் வெள்ளை. பிறகு நீலம். பிறகு திரை முழுவதும் பச்சை.

"அதோ!" என்று கத்தினார் ரேமோன். "ஆரஞ்சுக் கலர்ல ஒண்ணு உக்காந்திருக்குது பாரு, கடுகு மாதிரி!"

அலெக்சி பார்த்தான். இந்த மூலை, அந்த மூலை, நடு. வயல் மாதிரி ஒரே பரப்பு. எங்கும் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை.

"பாத்தியாடா?"

"ஆமா பப்பா. இங்க." அவன் திரையின் இடது பக்கம் விரலை வைத்தான்.

ரேமோன் அப்போது கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் வைத்த இடத்தைப் பார்த்தது சரிதா மட்டும்தான். புள்ளி இருந்தது வலது பக்கம்.

அவள் சட்டென்று திரையை அணைத்தாள். "இது வேணாம் சார். குடோன்ல புதுப் பெட்டி இருக்குது. சீல் ஒடையாததா நீங்களே பாத்து எடுத்தாந்தா நல்லது. மொதலாளி தோ வந்துட்டாரு."

"வாங்க முசியே" என்றபடி உள்ளே வந்தார் நாராயணசாமி. "ஒரு மணிக்குக் கடையடைச்சுடுவோம். சீக்கிரம் போய்ப் பாத்துடலாம்."

சீல் என்ற சொல்லே ரேமோனுக்குப் போதும். வேகமாக நடந்தார்.

*

கடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்கக்கா."

"அந்தப் புள்ளி உங்களுக்குத் தெரியலதான?"

அலெக்சி வாசலைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். "தெரியல."

அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாத ஒன்றை, பெயர் தெரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு சின்னச் சொல் என்று.

"எங்க அண்ணன் செல்வகுமாரும் இப்படித்தான்" என்றாள் சரிதா, திருப்புளியை டப்பாவில் போட்டபடி. "வில்லியனூரு பக்கம் எங்களுக்கு மொளகாத் தோட்டம். அவருக்குக் காயும் பழமும் ஒரே மாதிரி தெரியும். பழம் பறிடான்னா பாதிக் காயைப் பறிச்சுக்கினு வருவாரு. கவனமில்லாம பறிக்கிறான்னு எங்கப்பா அடிப்பாரு பாருங்க... அப்புறம் கண்ணாஸ்பத்திரியில சொன்னாங்க, இது பொறக்கும்போதே இருக்குறதுன்னு. அன்னிக்கு ராத்திரி எங்கப்பா சாப்புடல. இப்ப அண்ணன் கையால தொட்டுப் பாத்தே பறிக்கிறாரு. பழுத்தது மெதுவா இருக்கும்ல."

"மருந்து இருக்குதா?"

"இல்ல. ஆனா இது நோவும் இல்ல. கொஞ்சம் இருங்க."

அவள் குண்டுத் திரை இருந்த கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டத்தைத் திறந்தாள். அவன் வீட்டில் ஆடுகிற அதே ஆட்டம். அதன் செட்டிங்ஸுக்குள் போய் எதையோ மாற்றினாள். "நம்ம படை இப்ப நீலம். எதிரி மஞ்சள். ஆடுங்க."

அலெக்சி மவுஸைப் பிடித்தான்.

காட்டுக்குள்ளிருந்து மஞ்சள் உருவம் ஒன்று ஓடி வந்தது. சுட்டான். பாறைக்குப் பின்னால் நீலம். விட்டான். இன்னொரு மஞ்சள். அதற்குப் பின்னால் இன்னொன்று. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண் பார்த்ததும் கை செய்தது.

அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டான்.

"அக்கா, மத்தவங்களுக்கு எப்பவுமே இப்படித்தான் தெரியுமா?"

"ம்."

"இவ்ளோ சுலபமாவா?"

சரிதா தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். சில நேரத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான். அது போதாது என்று யார் சொல்ல முடியும்?

"பப்பா தந்திப் பிரிவுல இருந்தாரு. எல்லாமே கலர் கலரா ஒயரு. கலர் தெரியாதவன அங்க சேக்க மாட்டாங்க. புள்ளிப் புள்ளியா ஒரு புஸ்தகம் காட்டி நம்பர் கேப்பாங்களாம். அடுத்த மாசம் எனக்குக் காட்டுவாங்க." அவன் குரல் இறங்கியது. "அவருகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா அவரு என்னைக் கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன். அவரு கேக்கக் கூடாதுன்னு உங்க மாதாவை வேண்டிக்கோங்க. எங்க மாரியாத்தாகிட்ட நானும் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன்."

பதற்றத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

ரேமோன் பெட்டியைத் தானே தோளில் சுமந்து வந்து இறக்கினார். வேர்வை வழிந்தது. முகத்தில் போரில் வென்ற களை. சீலை அவரே கிழித்தார். வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கடுகும் இல்லை, எள்ளும் இல்லை.

"ஏம்மா சரிதா" என்றார் கிளம்பும்போது. "இனிமே இவன் ஆளை இவனே சுட மாட்டானில்ல?"

அலெக்சி சரிதாவைப் பார்த்தான்.

சரிதா பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "அது தம்பி கையில இருக்குது சார்."

*

மாலை ஐந்தரைக்குப் புதுத் திரை மேசைமேல் உட்கார்ந்தது. ஜெர்மேன் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அதற்கு எதிரே சிலுவை அடையாளம் போட்டாள். "நல்லதுக்குப் பயன்படட்டும், ஆண்டவரே."

"சுடுற ஆட்டம்டி இது" என்றார் ரேமோன்.

"அதனாலதான் வேண்டிக்கிறேன்."

அலெக்சி ஆட்டத்தைத் திறந்தான். அப்பா வருவதற்கு முன்பே செட்டிங்ஸை மாற்றி வைத்திருந்தான். நீலம், மஞ்சள். ரேமோன் நாற்காலிக்குப் பின்னால் கை கட்டி நின்றார்.

ஒரு சுற்று. ஒரு தவறுகூட இல்லை. இரண்டாவது சுற்றில் முதலிடம்.

"பிராவோ!" ரேமோன் மகன் முதுகில் அறைந்தார். உடையின் நிறம் மாறியிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. "நான் சொன்னேனா இல்லையா? கோளாறு அந்த ஸ்கிரீன்ல! மூணு வருஷமா புள்ளையக் கெடுத்து வச்சிருக்கான் அர்னோ. நாளைக்கு பூசை முடிஞ்சதும் போன் போட்டு நல்லா கேக்கப் போறேன் அவன."

"பாவம் அந்தப் புள்ள. ஆசையாத் தூக்கியாந்தது" என்றாள் ஜெர்மேன்.

"ஆசையாத் தூக்கியாந்தா? பாத்துத் தூக்கியார வேணாமா?"

அலெக்சி மவுஸின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பேசாமல் இருந்தால் போதும். இன்றைய நாள் நல்லபடியாக முடிந்துவிடும். அப்பா சந்தோஷமாகத் தூங்குவார். அடுத்த மாதம் வரைக்கும் சந்தோஷமாக இருப்பார்.

நாளைக்கு அர்னோ அத்தான் போனை எடுப்பார். தான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்தான். கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தவர்.

நல்லவர்கள் பொய் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான், வாயைத் திறக்காமலே. அதிலிருந்து வெளியே வரவும் பெரிய வீரம் வேண்டியதில்லை. ஒரு விரல் அசைந்தால் போதும். ஆனால் அந்த விரல்தான் அசைய மறுக்கும்.

அலெக்சியின் விரல் அசைந்தது. செட்டிங்ஸைத் திறந்தான். நீலத்தைச் சிவப்பாக்கினான். மஞ்சளைப் பச்சையாக்கினான்.

"பப்பா, இப்பப் பாருங்க."

ஆட்டம் தொடங்கியது. முதல் உருவம் ஓடி வந்தது. சுட்டான்.

"டேய், அது நம்ம ஆளு!"

இரண்டாவது. சுட்டான்.

"அதுவும் நம்ம ஆளுடா! கண்ணு தெரி..."

ரேமோன் பாதியில் நிறுத்திக்கொண்டார். குனிந்தார். திரையில் நின்ற ஒருவனை விரலால் தொட்டார். "இவன் யாரு?"

"தெரியல பப்பா."

"இவன்?"

"தெரியல."

"கடையில அந்தக் கடுகு?"

"அதுவும் தெரியல. சும்மா சொன்னேன்." அலெக்சி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எப்பவுமே தெரிஞ்சதில்ல பப்பா. ஸ்கிரீனா இருக்கும்னு நெனைச்சேன். ஸ்கிரீனா இருக்கணும்னு வேண்டிக்கினேன். அத்தான் மேல தப்பு இல்ல."

ரேமோன் நிமிர்ந்தார். பதினெட்டு வருடம் பட்டாளத்தில் நின்ற முதுகு அது. அது மெல்ல வளைவதை ஜெர்மேன் வாசல்படியிலிருந்து பார்த்தாள். அருகே போகலாமா என்று ஒரு அடி வைத்தாள். வேண்டாம் என்று நின்றுவிட்டாள்.

மாதா கோவில் மணி ஆறு அடித்தது. ரேமோன் சிலுவை போட்டுக்கொண்டார். உதடு அசைந்தது. என்ன வேண்டினார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் மகன்மேல் கோபப்படவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து மகனுக்குப் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நிறுத்தாத. ஆடு."

"எப்படி பப்பா?"

"நான் சொல்றேன். நீ சுடு. தந்திக்காரன் வேலையே அதான். பாக்குறவன் சொல்லணும், சுடுறவன் கேக்கணும்." அவர் திரையை உற்றுப் பார்த்தார். "வலது பக்கம், மரத்துக்குப் பின்னால. எதிரி."

சுட்டான்.

"பாறை மேல ஒருத்தன். எதிரி. நேரா ரெண்டு பேரு. மொதல் ஆளு நம்மளுது, ரெண்டாவது எதிரி."

முதல் ஆளை விட்டு இரண்டாவது ஆளைச் சுட்டான். ரேமோனின் குரல் சூடு பிடித்தது. ஜெர்மேன் காப்பி டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் தொடவில்லை.

"பப்பா."

"சொல்லு."

"அப்ப பாரிஸு?"

ரேமோன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அத நாளைக்குப் பேசலாம்" என்றார். "இப்பப் படிக்கட்டுல ஒருத்தன் எறங்குறான். அவசரப்படாத. அவன் நம்ம ஆளு."